கல்லுக்குழித் தண்ணீரின் முதல் மிடறு

கருங்கல்மோட்டையில் புதுக்கிணறு ஒன்று வெட்டப்பட்டாலும் சரி, பாழடைந்த கிணறு ஒன்று இறைத்துத் துப்புரவாக்கப்பட்டாலும் சரி, அதன் முதல் மிடறு ஹமீடுக்கு உரியது. எவரும் கூட்டம் கூடித் தீர்மானம் எழுதி இதனை ஏற்படுத்தவில்லை. போரில் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடங்கள் அகதிகளாக இருந்துவிட்டுச் சனங்கள் ஊருக்குத் திரும்பிவந்த அந்த முதல் மாதத்தில் தானாகவே ஏற்பட்ட வழக்கம் அது.

அப்போது ஊரில் வீடுகள் இல்லை. காடு மூடிய பழைய வீட்டு வளவுகளுக்குள் கிணறுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. அவற்றுக்குள்ளே மரக்கட்டைகள் கிடந்தன; வாகனச் சில்லுகள் கிடந்தன; துருப்பிடித்த தகரங்கள் கிடந்தன. போர் நடந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாமல் வேறு என்னென்ன கிடக்குமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. இறைத்து, சேறு அள்ளி, மீண்டும் ஊறவிட்ட பின்னரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க எவரும் துணியவில்லை. ஹமீட்தான் வாளியைக் கயிற்றில் இறக்கினார்.

புத்தளத்து உவர்மண்ணில் அவர் செய்துவந்த தொழில் தண்ணீர் விற்பது. சைக்கிளின் இரு பக்கங்களிலும் கலன்களைக் கட்டிக்கொண்டு, தூரத்து நன்னீர்க் கிணறுகளிலிருந்து முகாம்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். எந்தக் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்கும், எந்தக் கிணற்றில் இலை அழுகியிருக்கிறது என்பனவற்றையெல்லாம் நாக்கின் நுனியால் அறிந்து சொல்லிவிடுவார். சிறு வயதில் மதரஸாவில் கற்ற பாடமும் அதனோடு சேர்ந்துகொண்டது: பெருமளவு நீர் என்றால், அதன் நிறமோ மணமோ ருசியோ மாறாதவரையில் அது சுத்தமானது. ஆகவே, வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீரை ஏந்தி முதலில் நிறம் பார்ப்பார். பின்னர் மூக்கருகே கொண்டுபோவார். கடைசியாகப் ‘பிஸ்மில்லாஹ்’ என்று சொல்லி ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். சுற்றி நிற்கும் சனங்கள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“மூண்டும் சரி. பாவியுங்கோ.”

பயன்படுத்தலாம் என்ற அந்தச் சொல் போதும். பெண்கள் குடங்களை எடுப்பார்கள்.

குளக்கட்டுக்கு அப்பால், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து முன்னொரு காலத்தில் குடியேற்றப்பட்ட விவசாயிகளான கமக்காரரின் வீடுகள் இருந்தன. அங்கேயும் கிணறு இறைத்தால் ஹமீடுக்கு ஆள் வரும். அப்படிப் போன இடத்தில்தான் சின்னராசாவின் நட்புக் கிடைத்தது. இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஆயினும், ஹமீட் சின்னராசாவை ‘அண்ணை’ என்பார், சின்னராசா முஸ்லிம் வழக்கில் அண்ணனைக் குறிக்கும் ‘நானா’ என்று ஹமீடை அழைப்பார். தான்தான் இளையவன் என்பதை இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

“நானா, உங்கட நாக்கைக் கழட்டிக் குடுத்தியளெண்டால் கிளிநொச்சியில ஆய்வுகூடமே தேவையில்லை” என்று சின்னராசா சீண்டுவார்.

“கழட்டினால் உங்களோட ஆர் கதைக்கிறது, அண்ணை? அந்தப் புண்ணியத்துக்காகவே வைச்சிருக்கிறன்.”

ஊருக்குத் திரும்பிய மறு வருடம், குளத்துக்கு மேற்கே இருந்த கருங்கல் பாறையில் ஓர் ஒப்பந்தகாரர் கல்லுடைக்கத் தொடங்கினார். வீதிகளெல்லாம் புதிதாகப் போடப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹமீடுக்கு அங்கே வேலை கிடைத்தது. துளையிட்ட பாறைக்குள் வெடி உப்பை இறுக்குவது அவருடைய பணி. வெள்ளைச் சீனிமணிகளைப் போன்றிருக்கும் அந்த உப்பில் டீசலைக் கலந்து, துளைக்குள் விட்டு, வாயை அடைத்துவிட்டு எட்டப் போய் நிற்க வேண்டும். ஏழு வருடங்கள் அந்த வேலையைச் செய்தார். மகளைக் கட்டிக்கொடுத்ததும் வீட்டுக்கு ஓடு போட்டதும் அந்தக் கல்லினால்தான்.

ஏழாம் வருடத்தின் முடிவில் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படவில்லை. ஒரே பகலில் இயந்திரங்கள் எல்லாம் பார ஊர்திகளில் ஏற்றப்பட்டன. களஞ்சியத்தில் நாற்பத்திரண்டு மூட்டை உப்பு எஞ்சியிருந்தது. ஈரம் பட்டுக் கட்டிபட்டுப்போன அந்த உப்பு வேலைக்கு உதவாது. முறைப்படி திருப்பிக் கொடுப்பதென்றால், பதிவில் இல்லாத மூட்டைகள் எப்படி வந்தன என்ற கேள்வி எழும்.

“ஹமீட், குழியின்ர மூலைக்குள்ள போட்டுக் கல்லுத்தூளால மூடிவிடும். உப்புத்தானே, கரைஞ்சு போயிடும்” என்றார் ஒப்பந்தகாரர். போகும்போது, “இது உமக்கு” என்று, தண்ணீர் இறைக்கும் ஒரு நீர்ப்பம்பியையும் விட்டுவிட்டுப் போனார்.

வடகிழக்கு மூலையில், பாறை உள்வாங்கியிருந்த ஒரு பள்ளத்தில் ஹமீட் அந்த மூட்டைகளைத் தனியாளாக நின்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பொலித்தீன் உறை இருந்தது. அவற்றின்மேல் ஓராள் உயரத்துக்குக் கல்தூளைத் தள்ளி மிதித்து இறுக்கினார். அந்த மாரிமழையிலேயே குழி நிரம்பியது. தைமாதத்தில் பார்த்தபோது, பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் ஆகாயமே உள்ளே இறங்கியதுபோல அத்தனை அழகாக இருந்தது.

அதற்கடுத்த ஆவணி, 2019ஆம் ஆண்டு ஆவணி, ஊரைக் கருக்கியது. குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது. கிணறுகளில் வாளி மோதும் சத்தந்தான் கேட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தினரும் கமக்காரர் சங்கத்தினரும் ஒன்றாகக் கூடிக் கல்லுக்குழிக்கு வந்தார்கள். அவர்களோடு வெள்ளைக் கோப்பையும் வந்தது.

ஹமீடுக்கு அந்த நாற்பத்திரண்டு மூட்டைகளும் நினைவுக்கு வராமல் இல்லை. கோப்பையைக் கையில் வாங்கிய கணத்திலேயே வந்தன. ஆனால் அந்த வருடம் சித்திரையில் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்திருந்தன. அதன்பின், முஸ்லிம் வீடுகள் சோதனையிடப்பட்ட மாதங்களில், கருங்கல்மோட்டைச் சனங்கள் சமையற்கத்தியை வெளியில் வைக்கவும் அஞ்சினார்கள். அத்தகைய காலத்தில், ‘என் கையால் வெடி உப்புப் புதைத்திருக்கிறேன்’ என்று ஹமீட் என்ற பெயருள்ள ஒருவர் நூறு பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வார்?

அவர் தம் நாக்கிடம் கேட்டார். நிறம் பார்த்தார், பளிங்கு. மணம் பார்த்தார், ஒன்றுமில்லை. மிடறு எடுத்தார். உப்பின் சுவடு ஏதேனும் தட்டுப்பட்டால் சொல்லிவிடுவது என்று உள்ளுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டுதான் விழுங்கினார். நாக்குக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. இத்தனை பெரிய தண்ணீர், அத்தனை சிறிய உப்பு, கரைந்து போயிருக்கும் என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது சின்னராசா எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“என்ன நானா, நித்திரையாப் போனியளோ?”

“மூண்டும் சரி, அண்ணை” என்றார் ஹமீட். “பாவியுங்கோ.”

ஒப்பந்தகாரர் கொடுத்த நீர்ப்பம்பியே தண்ணீரை மேலே ஏற்றியது. சின்னராசா தம்முடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் தண்ணீர்த்தாங்கியைப் பூட்டி, இரண்டு ஊர்களுக்கும் கொண்டுபோய் ஊற்றினார். நான்கு வருடங்கள் எல்லாரும் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். எவருக்கும் எதுவும் ஆகவில்லை. வருடங்கள் போகப்போக, ஹமீடும் அந்த மூட்டைகளை மறந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

ஐந்தாம் வருடக் கோடையில், சின்னராசாவின் ஒரே மகள் லக்சிகா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். பூநகரியில் வாழ்க்கைப்பட்டவள், கணவன் பிரதீபன் அங்கே நெல் ஆலையில் வேலை செய்பவன். ஆண்குழந்தை பிறந்தது. சின்னராசா ஊர் முழுவதும் கற்கண்டு கொடுத்தார். இரண்டாம் மாதத்தில் லக்சிகாவுக்குக் கடுங்காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். சின்னராசாவின் மனைவி விமலேஸ்வரி எதிலும் கவனமானவர். தண்ணீரை ஒரு தடவைக்கு இரு தடவை கொதிக்கவைத்து ஆறவிட்டே கரைத்தார்.

பத்தாம் நாள் குழந்தையின் உதடுகளும் நகங்களும் நீலம் பாரித்தன. வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது மூச்சு மட்டுமே மிஞ்சியிருந்தது. வைத்தியர் இரத்தத்தைப் பார்த்தார். கோப்பியின் நிறத்தில் இருந்தது. ஊசிமருந்து ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது.

“எந்தத் தண்ணியில பால் கரைச்சனீங்கள்?” என்று வைத்தியர் கேட்டார்.

“நல்லாக் கொதிக்கவைச்சனாங்கள், டொக்டர்” என்றார் விமலேஸ்வரி.

“இது கொதிக்கவைச்சுப் போறதில்லை, அம்மா. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வத்தும், நஞ்சு வத்தாது.”

நீர்ப் பரிசோதனை உத்தியோகத்தர் நிரோஜா போத்தல்களோடு வந்தார். ஒரு வாரத்தில் முடிவும் வந்தது. கல்லுக்குழித் தண்ணீரில் நைத்திரேற்று என்ற இரசாயனம் இருந்தது. லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென்ற அளவு, நூற்றுத் தொண்ணூறாக இருந்தது. பெரியவர்களின் உடம்பு அதைத் தாங்கிவிடும். பச்சைக்குழந்தையின் உடம்பு தாங்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை என்று நிரோஜா விளக்கியபோது எல்லாருடைய கண்களும் ஹமீடை நோக்கித் திரும்பின. எவரும் குற்றம் சொல்லவில்லை. பள்ளிவாசல் மௌலவி மட்டும் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், “அது தொழுகைக்கு முதல் கழுவி வுளூச் செய்யிற தண்ணிக்கு உள்ள சட்டம், நானா. நஞ்சு பாக்கிறதுக்குச் சொன்ன சட்டமில்லை” என்றார்.

“இந்த நைத்திரேற்று எங்கையிருந்து வரும், மிஸ்?” என்று யாரோ கேட்டார்.

“பெரும்பாலும் பசளையிலயிருந்துதான். மேட்டில தோட்டம் ஏதும் இருக்கே?”

இருந்தது. குழிக்கு மேலே, சரிவில், சின்னராசாவின் மிளகாய்த் தோட்டம் இருந்தது. இரண்டு வருடங்கள் நாட்டில் பசளையே கிடைக்காமல் மிளகாய்க் கன்றுகள் மஞ்சளாகிக் காய்ந்துபோன பின்னர், முந்திய வருடந்தான் மீண்டும் யூரியா கிடைத்திருந்தது. ஆசையில் எல்லாரும் அளவுக்கு மிஞ்சிப் போட்டார்கள். சின்னராசாவும் போட்டார், போட்டதை அவரே கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்.

“நான் இரட்டிப்பாப் போட்டனான். மழையும் அடிச்சுது. கழுவிக்கொண்டு குழிக்கத்தான் போயிருக்கும்.” அவர் மேட்டின் பக்கம் கையைக் காட்டினார். “நான்தான்.”

ஹமீட் மூன்றாம் வரிசையில், பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்திருந்தார். வெடி உப்பும் ஒருவகை நைத்திரேற்றுத்தான் என்பது கல்லுடைக்கும் இடத்தில் வேலை செய்தவருக்குத் தெரியும். எழுந்திருக்க வேண்டிய கணம் அதுவென்று அவருக்குத் தெரிந்தது.  இருந்தும் அவர் எழுந்திருக்கவில்லை. கூட்டம் கலைந்தபோது, சின்னராசா வழக்கம்போல அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“எனக்கு வாய்ச்ச பேரனுக்கு நானே நஞ்சு வைச்சிருக்கிறன், நானா.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ, அண்ணை” என்றார் ஹமீட். சொல்ல வேண்டிய மற்றவற்றை விழுங்கிக்கொண்டார்.

மறுநாளே சின்னராசா மிளகாய்க் கன்றுகளை, பழுத்தும் பழுக்காமலும் இருந்த காய்களோடு, வேருடன் பிடுங்கி எறிந்தார்.

குழியைத் துப்புரவாக்கும் முறையை நிரோஜா வகுத்தார். அந்த நீரை ஓடையில் விட்டால் அது கடலேரி வரைக்கும் போய்க் கெடுக்கும். ஆனால் நெல்லுக்கு அதுவே உணவு. ஆகவே, ஒரு பங்கு குழித்தண்ணீருக்கு மூன்று பங்கு குளத்துத் தண்ணீர் என்ற கணக்கில் கலந்து, அடுத்த வருடம் கோடையில் விதைக்கும் சிறுபோக வயல்களுக்குச் சிறிது சிறிதாகப் பாய்ச்ச வேண்டும். வாய்க்காலின் தொடக்கத்தில் சம்புப்புல் நட்டு, அதனூடாக ஊறவிட வேண்டும். இதைக் கேட்ட கமக்காரர்கள் தயங்கினார்கள். குழந்தையை நீலமாக்கிய தண்ணீரை எவர்தான் தம் வயலுக்குள் விடுவார்? சின்னராசா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தம்முடைய வரம்பை முதலில் வெட்டித் திறந்துவிட்டார். அந்தப் போகத்தில் அவருடைய வயல்தான் ஊரிலேயே கரும்பச்சையாக நின்றது. பார்த்துப் பாராட்டியவர்களைக் கடந்து அவர் வரம்பில் நடந்துபோனார்.

ஐந்து மாதங்கள் நீர்ப்பம்பி ஓடியது. அதன் அருகில் நின்று எண்ணெய் ஊற்றியவர் ஹமீட். நான்கடித் தண்ணீர் எஞ்சியபோது, குழாய்க்குள் கல்தூள் ஏறத் தொடங்கியதால் இறைப்பதை நிறுத்தினார்கள். அன்று நிரோஜா குழியின் விளிம்பில் நின்று கேட்டார்.

“ஐயா, நீங்கள் இஞ்ச வேலை செய்தனீங்கள்தானே? அடியில வேற ஏதும் கிடக்கே? எண்ணெய்ப் பீப்பா, அப்பிடி ஏதும்?”

நான்கடித் தண்ணீருக்கடியில், வடகிழக்கு மூலையில் கல்தூள்மேடு வெளிறித் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

“கல்லுத்தூள்தான், மிஸ்.”

நேரடியாகக் கேட்கப்பட்ட கேள்விக்கு நேரடியாகச் சொல்லப்பட்ட பொய் அது ஒன்றுதான். அதுவரையில் அவர் சும்மா இருந்தார் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அன்று முதல் அதையும் சொல்லிக்கொள்ள வழியில்லாது போயிற்று.

அடுத்த மாரியில் குழி மறுபடி நிரம்பியது. மிளகாய்த் தோட்டம் இல்லை, பசளை இல்லை, தண்ணீரும் புதியது. ஊரே நம்பிக்கையோடு காத்திருந்தது. பரிசோதனை முடிவு நூற்று அறுபத்தைந்து என்று வந்தது.

நிரோஜா எண்ணை இரண்டு தடவை வாசித்துவிட்டு, தமக்கு விளங்கவில்லை என்றார். இன்னும் எங்கிருந்தோ ஊறுகிறது, மூலம் தெரியாவிட்டால் குழியையே மண் போட்டு மூடிவிட வேண்டும் என்றார். அப்படியானால் இரு ஊர்களும் ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வாகனத்துக்காகத் தெருவில் காத்துக்கிடக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவர், குழிக்கு மிக அருகிலுள்ள வயல்களிலும் பயிர்செய்வதை நிறுத்திப் பார்க்கலாமே என்றார். அந்த வயல்களும் சின்னராசாவுடையவைதாம். இரண்டு ஏக்கர். அவருடைய முழுச் சீவியமும் அந்த வயல்களில்தான்.

“எடுங்கோ” என்றார் சின்னராசா. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தண்ணி சுத்தமாகுமெண்டால் எடுங்கோ.”

ஹமீட் வீட்டுக்கு வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு இருந்தார். மனைவி ஹாஜறா குசினி வாசலில் நின்று அவரைப் பார்த்தார்.

“கறி உறைக்குதோ?”

“இல்லை.”

“ஒண்டரை வருசமா உங்களுக்கு உப்பு, உறைப்பு ஒண்டும் தெரியிறேல்ல. நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். என்னட்டச் சொல்ல வேண்டாம். ஆரிட்டச் சொல்ல வேணுமோ அவையிட்டப் போய்ச் சொல்லுங்கோ.”

அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

சின்னராசா வெறுமையாகக் கிடந்த மிளகாய்த் தோட்டத்தின் வேலிக் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மாலை வெயில் குழியின் நீர்மேல் சாய்ந்து விழுந்தது. ஹமீட் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நாற்பத்திரண்டு மூட்டை, கல்தூள், ஒப்பந்தகாரர், நீர்ப்பம்பி, வெள்ளைக் கோப்பை, நிரோஜாவுக்குச் சொன்ன பொய் என்று ஒன்றையும் விடவில்லை. 

சின்னராசா கையிலிருந்த கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“பயந்தனீங்களோ?”

“ஓம், அண்ணை. ‘வெடி’ எண்ட சொல்லைச் சொல்லவே பயந்தனான். பிறகு, பேர் போயிடுமெண்டு பயந்தனான். எதுக்குக் கூடப் பயந்தனானெண்டு இப்ப பிரிச்சுச் சொல்லத் தெரியேல்ல.”

“எங்களுக்கும் பயம் தெரியும், நானா. பயந்தது பிழையெண்டு நான் சொல்லமாட்டன்.” அவர் கீழே வைத்த கட்டையைக் காலால் ஒதுக்கினார். “ஆனால் ஒண்டரை வருசம். என்ர கையால நஞ்சு வைச்சனானெண்டு நினைச்சு, அந்தப் பிள்ளையை நான் ஒருக்காலும் தூக்கேல்ல. ஆசுப்பத்திரியாலை வந்த அண்டைக்கு லக்சிகா என்னட்ட நீட்டினவள். நான் கையை இழுத்துப்போட்டன். பூநகரியில முதலாம் பிறந்தநாள் செய்தவை. காய்ச்சலெண்டு சொல்லிப் படுத்திட்டன்.”

ஹமீடுக்கு இது தெரியாது. தோட்டம் போனதும், பெயர் கெட்டதும் தெரியும். இது தெரியாது.

“என்னை அடிக்கலாம், அண்ணை.”

“ஆரை அடிக்கிறது?” என்றார் சின்னராசா சலிப்போடு. அந்தக் குரலில் பழைய சீண்டல் அறவே இல்லை. “முதல்ல தண்ணியைத் துப்புரவாக்குவம். முடிஞ்ச பிறகு நீங்களே பூநகரிக்குப் போய் அவளிட்டச் சொல்ல வேணும். வெறுங்கையோட போகக் கூடாது. சுத்தமெண்டு எழுதின கடுதாசியைக் கொண்டுபோங்கோ.”

மறுநாள் காலையில் இருவருமாக நிரோஜாவிடம் போனார்கள். பொலிஸாருக்கு அறிவிக்கப்பட்டது. ஹமீட் இரண்டு நாட்கள் வாக்குமூலம் கொடுத்தார். மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். ஒப்பந்தகாரரின் பழைய முகவரியில் எவரும் இருக்கவில்லை. தேவைப்பட்டால் அழைப்போம் என்று சொல்லி ஹமீடை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அஞ்சியதில் கால்வாசிகூட நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று எண்ணியபோது அவருக்கு நிம்மதி வரவில்லை. இந்தச் சிறிய தொல்லைக்கு அஞ்சியா ஒரு மனிதரை அவருடைய பேரக்குழந்தையிடமிருந்து பிரித்துவைத்தோம் என்ற எண்ணம் நெஞ்சில் கல்லாக அமர்ந்துகொண்டது.

இரண்டாம் முறை குழியை அடிவரைக்கும் இறைத்தார்கள். வெடிபொருள் தெரிந்த உத்தியோகத்தர்கள் மேலே நின்றார்கள். ஹமீட் ஏணியில் இறங்கி, பாறையில் தாமே வெடி உப்பு இறுக்கிய துளைகளின் தழும்புகளைக் கையால் தடவிப் பார்த்து இடத்தைக் காட்டினார். கல்தூளை மண்வெட்டியால் கவனமாக வழித்தார்கள். பொலித்தீன் உறைகள் வெளிப்பட்டன. சில வெறும் தோலாகச் சுருண்டிருந்தன. பத்தொன்பது மூட்டைகளில் இன்னும் உப்பு இருந்தது. ஊறிய சீனிக்கட்டியைப் போல, ஓரங்கள் கரைந்து, வெள்ளையாக இருந்தது. நிரோஜா அவற்றைப் பார்த்துவிட்டு ஹமீடைப் பார்த்தார்.

“போன வருசமே சொல்லியிருந்தால், ஐயா...” என்று தொடங்கியவர், அவருடைய முகத்தைக் கண்டு குறிப்பேட்டில் எழுதக் குனிந்தார்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வாகனம் போனது. பாறைப் பள்ளத்தை மூன்று தடவை கழுவி, கழுவிய நீரையும் வயல்களுக்கே அனுப்பினார்கள். அந்த வேலையோடு நீர்ப்பம்பி பழுதாகி நின்றது. திருத்துவிக்க ஹமீட் முயலவில்லை.

அந்த மாரியில் நிரம்பிய தண்ணீரில் நைத்திரேற்று முப்பத்தெட்டுத்தான் இருந்தது. அடுத்த மாதம் முப்பத்தொன்று. குழியருகே கூட்டம் கூடியது. பழக்கதோஷத்தில் எவரோ வெள்ளைக் கோப்பையைக் கழுவி எடுத்துவந்து ஹமீடிடம் நீட்டிவிட்டார். அது ஏளனமன்று, மறதிதான். ஆனாலும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஹமீட் கோப்பையை வாங்கி, கவிழ்த்து, அருகிலிருந்த கல்லின்மேல் வைத்தார். நிரோஜா பரிசோதனைத் தாளை வாசித்தார். பெண்கள் சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, ஒவ்வொருவராகக் குடங்களை எடுத்தார்கள். சின்னராசா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். அவர் தண்ணீர் எடுக்கவில்லை.

தாளின் பிரதியொன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹமீட் பூநகரிக்குப் பயணமானார். மாங்குளத்தில் ஒரு பேருந்து, பரந்தனில் இன்னொரு பேருந்து. பரந்தனில் மட்டும் இரண்டு மணித்தியாலங்கள் காத்திருந்தார்.

லக்சிகா முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டரை வயதுப் பையன் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாநிறம், கன்னங்கள் உப்பியிருந்தன, உதடுகள் சிவந்திருந்தன. ஹமீடின் கண்கள் அந்த உதடுகளையே பார்த்தன.

“ஹமீட் மாமா! அப்பாவுக்கு ஏதுமே?”

“இல்லைப் பிள்ளை, அப்பா சுகம். நான் ஒண்டு சொல்ல வந்தனான்.”

சொன்னார். இம்முறை அதைச் சொல்ல அதிக நேரம் எடுக்கவில்லை. லக்சிகா பாதி உலர்த்திய துணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தாளை அவர் நீட்டியபோது வாங்கினாள், விரித்துப் பார்க்கவில்லை.

“அப்பா வீடியோவில வந்தாலும் முகத்தை அங்கால திருப்புவார்” என்றாள். “பேரனில பாசமில்லையெண்டு நினைச்சனான். போன வருசம் போனில வாய்க்கு வந்தபடி பேசிப்போட்டன். ‘உங்களுக்கு மிளகாய்தானே பெரிசு’ எண்டு கேட்டனான், மாமா. அவர் ஒண்டும் பேசாமல் வைச்சிட்டார்.”

ஹமீட் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்க வந்தவர், கேட்கவும் கேட்டார். அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். உள்ளே போனாள். நெடுநேரம் வரவில்லை. இனி வரமாட்டாள் என்று நினைத்து அவர் புறப்படத் திரும்பியபோது, ஒரு தம்ளரில் தண்ணீரோடு வந்தாள்.

“தூரத்தாலை வந்திருக்கிறியள். குடியுங்கோ.”

அவர் வாங்கினார். ஒரு மிடறு எடுத்தார். முப்பத்தைந்து வருடப் பழக்கம் எங்கே போகும்? தண்ணீர் வாய்க்குள் தானாகச் சுழன்றது. கண்கள் தாமாக மூடிக்கொண்டன. திறந்தபோது லக்சிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறுமியாக இருந்தபோது கிணற்றடியில் கூட்டத்தோடு நின்று பார்த்ததைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி, மாமா? நல்ல தண்ணியோ?”

“தெரியாது, பிள்ளை” என்றார் ஹமீட்.

அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அப்பாவை நாளைக்குப் பின்னேரம் போன் எடுக்கச் சொல்லுங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

பேருந்துத் தரிப்பிடத்தில் நிழல் இருக்கவில்லை. அடுத்த பேருந்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. ஹமீட் கைபேசியை எடுத்துச் சின்னராசாவை அழைத்தார். முதல் மணியிலேயே மறுமுனையில் குரல் கேட்டது. கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

“என்னவாம்?”

“நாளைக்குப் பின்னேரம் உங்களைப் போன் எடுக்கட்டாம்.”

மறுமுனையில் காற்றின் இரைச்சல் கேட்டது. வயல் வரம்பில் நிற்கிறார் போலும்.

“பெடியன் எப்பிடி? என்ன நிறம்?”

“உங்கட நிறந்தான், அண்ணை. மாநிறம்.”

“உங்களுக்குத் தண்ணி தந்தவளோ?”

“தந்தவ.”

“குடிச்சனீங்களோ?”

“குடிச்சனான்.”

“சரி” என்றார் சின்னராசா.  தொடர்பைத் துண்டித்தார்.